விலை இறங்காத வண்டி

அரசாங்க அலுவலகத்தில் ஒரு வண்டியைக் 'கண்டம்' பண்ணுவது லேசான காரியம் அல்ல. ஓடிய கிலோமீட்டர் லாக் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வயதுக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். சிறிய வண்டி என்றால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அல்லது ஆறரை ஆண்டு, இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுதான் கணக்கு. அதன் பிறகு மெக்கானிக்கல் பொறியாளர் வந்து பார்த்து, இனி ரிப்பேர் செய்வது வீண் செலவு என்று எழுதித் தர வேண்டும். கடைசியில்தான் ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை குறிப்பார்கள். இந்தக் கோப்புகளோடு பல ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற முறையில், பழைய வண்டியின் விலையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

எங்கள் அலுவலகம் ஏரி, வாய்க்கால், கரை என்று வெளியே அலையும் அலுவலகம். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, சங்கராபரணி, தென்பெண்ணைக் கரைகள் என்று மழைக்காலத்தில் வண்டி போகாத சேறு கிடையாது. அதனால் எங்களிடம் ஜீப்புகள் உண்டு. பெரிய அதிகாரிகளுக்கு அம்பாசடர் கார்கள் உண்டு. இரண்டும் கண்டமாகி ஒரே நாளில் ஒரே வளாகத்தில் ஏலத்துக்கு நிற்கும்போது பார்க்க வேண்டும். அம்பாசடர்களுக்கு ஏலக்காரர்கள் நம் குறைந்தபட்ச விலையைத் தொட்டு, அதற்கு மேல் தயங்கித் தயங்கி ஏறுவார்கள். ஜீப் வந்ததும் கூட்டம் நெருங்கி நிற்கும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்ல வாய்ப்பே தராமல் விலை ஏறும். நாங்கள் குறித்த விலையைப்போல் இரண்டு மடங்குக்குப் போன ஜீப்பை நானே ரசீது போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த வண்டியை ஓட்டிவந்த டிரைவர் அண்ணன் பக்கத்தில் நின்று சொன்னார்: "காரு பழசானா பழைய காரு சார். ஜீப்பு பழசானாலும் ஜீப்புதான்."

அந்த ஏலக்காரர்கள் வண்டியைப் பார்க்கும் விதமே வேறு. பெயிண்டைப் பார்க்க மாட்டார்கள். சீட் கிழிந்திருந்தாலும் கவலை இல்லை. குனிந்து அடியில் பார்ப்பார்கள். சேஸிஸை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்பார்கள். கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றில் இரும்பு எங்கே தின்றிருக்கிறது என்று தேடுவார்கள். பிறகு உள்ளே கியருக்குப் பக்கத்தில் சின்ன லீவர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மலைப் பக்கத்தார் 'போர்வீல்' என்று சொல்வது அதைத்தான். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜீப்புகளில், அந்தச் சின்ன லீவர் உள்ளதற்கு விலை கூடுதல்.

பிரெஞ்சில் பழைய வண்டியை 'வுவாத்யூர் தொக்காசியோன்' என்பார்கள். 'ஒக்காசியோன்' என்றால் வாய்ப்பு, நல்ல சமயம் என்று பொருள். ஒருவர் கைவிட்டது இன்னொருவருக்கு வாய்ப்பு. நாம் 'செகண்ட் ஹேண்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது யாரோ தொட்டுப் பழகியது என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. பிரான்சில் 'லார்குஸ்' என்று ஒரு பத்திரிகை, பழைய கார்களின் விலையைப் பட்டியல் போட்டு நெடுங்காலமாக வெளியிடுகிறது. நம் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், 'ஆர்குஸ் விலை' என்றால் அதற்கு மேல் பேரம் இல்லை என்பதுபோல் பேசுவார்கள். ஆனால் அவர்களே ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம், ஜீப்புக்குப் பட்டியல் செல்லாது என்பது.

அதற்கு அவர்கள் கண்ட சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஏறக்குறைய 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகள் செய்தன. போர் முடிந்ததும் அவற்றில் பல பிரெஞ்சு ராணுவத்துக்கு வந்து சேர்ந்தன. பிறகு பாரீசை ஒட்டிய சேன் தெனியில் ஒச்கிஸ் என்ற கம்பெனி லைசென்ஸ் வாங்கி, 1955 முதல் 1966 வரை எம்201 என்ற பெயரில் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து ராணுவத்துக்குக் கொடுத்தது. புதுச்சேரியிலிருந்து போன நம் சொல்தாக்கள் பலர் ஓட்டியது அந்த வண்டிதான். ராணுவம் வேண்டாம் என்று ஒதுக்கியபோது, 'தொமேன்' என்ற அரசாங்கச் சொத்து அலுவலகம் அவற்றை ஏலம் விட்டது. அன்று விவசாயிகள் வாங்கிக் காட்டு வேலைக்கு ஓட்டினார்கள். இன்று அதே வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைந்து, நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நம் நாட்டுக் கதையும் ஏறக்குறைய அதேதான். மகிந்திரா கம்பெனி 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தது. உருவம் பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவே இல்லை. எஞ்சின் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. எம்.எம்.540 போன்ற டீசல் ஜீப்புகளில் இருந்த எக்ஸ்.டி.பி. 4.90 என்ற எஞ்சின் பிரெஞ்சுக்காரர்களுடையது. மெக்கானிக்குகள் 'பியூஜியாட்' என்பார்கள். எனக்கு அது பெழோ. அந்த எண்ணில் 4 என்பது சிலிண்டர். 90 என்பது சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். 2,112 சி.சி. நம் அலுவலக வளாகத்தில் நிற்கும் வண்டியின் வயிற்றில் ஒரு பிரெஞ்சு எஞ்சின் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகை வண்டிகளுக்கு மட்டும் ஏன் விலை இறங்குவதில்லை? நான் பார்த்தவரை நான்கு காரணங்கள்.

முதலாவது, அமைப்பு. சாதாரணக் காரில் உடம்பும் சட்டமும் ஒன்று. ஓரிடத்தில் பலமாக அடிபட்டால் முழுதும் கோணிப்போகும். ஜீப்பில் ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், அதன் மேல் தனியாக ஒரு உடம்பு. தளம் துருப்பிடித்தால் வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கலாம். உடம்பையே மாற்றலாம். இன்றைய தார் வண்டியிலும் இந்த ஏணிச் சட்டம்தான்.

இரண்டாவது, உதிரிபாகம். உருவம் மாறாமல் இருந்ததால் ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத ஜீப் சாமான் அபூர்வம். பாகம் கிடைக்கும் வரை வண்டி சாகாது. சாகாத வண்டிக்கு விலை இருக்கும்.

மூன்றாவது, தேவை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற பாதையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே புதுக்கார் விளம்பரம் எதுவும் எடுபடாது. பழைய ஜீப்தான் ஏறுகிறது. ஜீப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அந்த மலைகளில் ஏராளம். அவர்களுக்கு அது சோறு போடும் மாடு. மாட்டுக்கு யாரும் வருஷத்துக்கு இத்தனை விழுக்காடு என்று தேய்மானம் போடுவதில்லை. பால் கறக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நான்காவது, தட்டுப்பாடு. இந்த வகை வண்டி செய்பவர்கள் எப்போதுமே சிலர்தான். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்த ஜோங்கா 1999இல் நின்றது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் நின்றுபோனது. நிற்க நிற்க, இருப்பவற்றுக்கு மதிப்பு. 2020 அக்டோபர் 2ஆம் தேதி புதிய தார் வந்தபோது, பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க மனமில்லாதவன் ஓடின வண்டிக்கே புது வண்டியின் விலையைக் கொடுத்தான்.

இது வரை சொன்னது ஊர் விஷயம். என் வீட்டு விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும்.

என் அக்கா மகன் 2021இல் ஒரு தார் வாங்கினான். எல்லாம் சேர்த்து 15 லட்சம். கையிலிருந்து 5 லட்சம், வங்கிக் கடன் 10 லட்சம். "மாமா, இது காரு இல்ல. நகை மாதிரி. எப்ப வேணாலும் போட்ட காச எடுத்துடலாம்" என்றான். நான் தடுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, "ஒரு பைசா விடாமல் எழுதிக்கிட்டு வா தம்பி. நகையா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். பொறியியல் படித்தவன் என்றாலும் சொன்னபடி எழுதினான்.

முப்பது மாதம் கழித்து அத்தானுக்கு மாரடைப்பு. மூன்று அடைப்புகள், பைபாஸ் அறுவை தேவை என்றார்கள். சென்னையில் கேட்ட தொகை 6 லட்சம். அக்கா தன் வளையல்களைக் கழற்றிவைத்தாள். பையன் அதை எடுத்து அவள் கையிலேயே மாட்டிவிட்டு வண்டியை விற்கப் புறப்பட்டான். ஒன்பது நாளில் விற்றது, 13 லட்சத்துக்கு. வங்கிக்குப் பாக்கி 5 லட்சத்து 56 ஆயிரம் கட்டி, கடன் தீர்ந்த சான்று வாங்கி, ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கினான். கையில் நின்றது 7 லட்சத்து 44 ஆயிரம். அறுவை நல்லபடியாக முடிந்தது. அத்தான் இப்போது காலையில் கடற்கரைச் சாலையில் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

அதே ஆண்டில் அதே விலைக்கு வேறொரு சொகுசுக் கார் வாங்கியவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவரும் மூன்றாவது ஆண்டில் விற்றார். கிடைத்தது 8 லட்சத்து 75 ஆயிரம். பையனும் அந்தக் காரையே வாங்கியிருந்தால், கடன் போகக் கையில் 3 லட்சத்து 19 ஆயிரம்தான் நின்றிருக்கும். அக்காவின் வளையல் மறுபடியும் கழன்றிருக்கும். ஆகவே, மறுவிற்பனை விலை என்பது வெறும் பெருமைப் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்துக் காலத்தில் ஒரு குடும்பம் எங்கே போய் நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது.

ஆனால், நகை மாதிரி என்று அவன் சொன்னானே, அதற்கு நோட்டுப் புத்தகம் என்ன பதில் சொன்னது தெரியுமா? அத்தான் வீடு திரும்பிய பிறகு இருவரும் உட்கார்ந்து கூட்டினோம்.

விலையில் குறைந்தது 2,00,000.
முப்பது மாதத் தவணையில் போன வட்டி 1,78,500.
இரண்டு முறை காப்பீடு புதுப்பித்தது 70,000.
சர்வீஸ், டயர், சில்லறை 45,000.

ஆக மொத்தம் 4,93,500. மாதத்துக்கு 16,450. டீசல் தனி. அந்த 5 லட்சம் வங்கியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டியும் தனி. விலை இறங்காத வண்டி என்று பெயர். அதற்கே மாதம் 16 ஆயிரத்துக்கு மேல். விலை இறங்காதது நிஜம். அதை வைத்து வண்டி இலவசமாக ஓடியது என்று நினைப்பது தப்புக் கணக்கு. நகைக்கு டயர் தேயாது.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. சந்தையில் விலை இறங்கவில்லை என்பது காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒரு அட்டவணை உண்டு. வண்டிக்கு ஒன்று முதல் இரண்டு வயது என்றால் 20 விழுக்காடு கழிவு, இரண்டு முதல் மூன்று வயது என்றால் 30, மூன்று முதல் நான்கு என்றால் 40, நான்கு முதல் ஐந்து என்றால் 50. அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் ஒரே அட்டவணைதான். கம்பெனி விலை 13 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது ஆண்டுக் காப்பீட்டில் அந்த வண்டிக்கு 9 லட்சத்து 45 ஆயிரம்தான் மதிப்பு. 13 லட்சத்துக்கு விலைபோகும் வண்டி அந்த ஆண்டில் திருடு போயிருந்தால் மூன்றரை லட்சம் கையை விட்டுப் போயிருக்கும். வண்டி புதிதாக இருக்கும்போதே, முழு விலையும் திரும்பக் கிடைக்கும்படியான கூடுதல் பாலிசி எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய வண்டியின் விலை எப்போதும் புது வண்டியின் விலையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பையன் விற்ற காலத்தில் புது வண்டி விலை பலமுறை ஏறியிருந்தது, அவனுக்கு அதிர்ஷ்டம். 2024 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஐந்து கதவு வைத்த தார் ரோக்ஸ் வந்தது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு மூன்று கதவைவிட அதுதான் வசதி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்து புது வண்டிகளின் விலையே இறங்கியது. அப்படி இறங்கும்போது, போன மாதம் வாங்கியவனின் வண்டியும் சேர்ந்துதான் இறங்கும். நேற்று இறங்கவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

பழைய ஜீப் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் யோசனை: முதலில் காகிதத்தைப் பாருங்கள், அப்புறம் வண்டியைப் பாருங்கள். ஜீப்பில் எஞ்சினை மாற்றிப் போடுவது சாதாரணம். மாற்றிய எஞ்சினின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய டயர், தூக்கிவைத்த உடம்பு, முன்னால் இரும்புக் கம்பி என்று லட்சக்கணக்கில் செலவு செய்தவர்கள், அந்தச் செலவைச் சேர்த்து விலை கேட்பார்கள். விவரம் தெரிந்தவன் அதைப் பார்த்ததும் விலையைக் குறைப்பான், காட்டிலும் மேட்டிலும் மோதி ஓட்டிய வண்டி என்று அவனுக்கு அது காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பழைய ஏலக்காரர்களைப்போல் குனிந்து அடியில் பாருங்கள். டிஃபரன்ஷியல் உருண்டையில் நசுங்கல் இருக்கிறதா, சேஸிஸில் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

அந்த ஏலக் கூட்டத்தை இனிமேல் பார்க்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் ஏலம் கணினிக்குப் போனது. பிறகு, 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பது இல்லை என்று விதி வந்தது. அவை பதிவுபெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். புகையைக் குறைக்க வந்த விதி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், பாகூர் ஏரிக்கரையில் ஓடி ஓய்ந்த ஜீப் ஏதோ ஒரு மலைக்குப் போய் இன்னும் இருபது வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட காலம் போனது. இரும்பு இரும்பாகத்தான் எடை போடப்படும். டிரைவர் அண்ணன் இருந்திருந்தால் அந்தத் தராசுப் பக்கமே போயிருக்க மாட்டார்.

தனியார் வண்டிக்கு அந்த விதி இல்லை. தகுதி இருந்தால் 15 ஆண்டுக்குப் பிறகும் ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். அதற்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். நம் பக்கத்துக் கிராமங்களில் அப்பா ஓட்டிய ஜீப், தாத்தா ஏலத்தில் எடுத்த ஜீப் என்று கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கோழி முட்டையிடும் அந்த வண்டிக்குள் நல்ல பணம் இருக்கலாம். ஆனால் பதிவு செத்துப்போனால் அதுவும் எடைக்குத்தான் போகும். இன்றைக்கே ஆர்.சி.யைத் தேடி எடுத்து, தேதியைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள், பழைய ஆர்.சி.யில் எழுத்து மிகவும் பொடி.